இருண்ட தாளம்

சங்கீதம் என்றால் காதுக்கு இனிமையாக இருக்க வேண்டும் என்பது நம்மவரில் பெரும்பாலோரின் அபிப்பிராயம். நல்ல அபிப்பிராயந்தான். ஆயினும் ஒப்பாரிக்கு நம் முன்னோர் இந்த நிபந்தனையை விதிக்கவில்லை. துக்க வீட்டு வாசலில் உறுமி முழங்கும்போது, "என்ன ஐயா இது, சுகமாக இல்லையே!" என்று எழுந்து போனவர் எவரும் இல்லை. சுகத்துக்காக அங்கே அது வாசிக்கப்படுவதில்லை என்பது எல்லோருக்கும் தெரியும்.

இதை முதலிலேயே சொல்லி வைப்பதற்குக் காரணம், இந்த வாரம் நாம் எடுத்துக் கொண்டிருக்கும் இசைத்தட்டு சுகமான இசைத்தட்டு அல்ல என்பதே. அதன் பெயர் 'மாயா'. 2010-ஆம் ஆண்டு ஜூலை மாதம் வெளிவந்தது. பாடியவர், எம்.ஐ.ஏ. என்ற மூன்று எழுத்துக்களால் உலகம் அறிந்த மாதங்கி அருள்பிரகாசம். போரில் காணாமற் போனவரைக் குறிக்கப் பட்டாளத்தார் வழங்கும் குறியெழுத்து அது. யந்திரத் தாளத்தில் பாடி மேல்நாட்டாரை ஆட வைத்த இந்தத் தமிழ்ப் பெண்மணி, புகழின் உச்சியில் நின்ற வேளையில் தம்முடைய பாட்டை வேண்டுமென்றே கரடுமுரடாக்கினார். "நன்றாகப் பாடிக் கொண்டிருந்தவர் கெட்டுப் போய்விட்டார்" என்று அப்போது பலர் எழுதினார்கள். இன்றும் சொல்பவர் உண்டு. கெட்டுப் போகவில்லை என்பது நமது கட்சி.

மாதங்கி 1975-ஆம் ஆண்டு ஜூலை 18-ந் தேதி லண்டனில் ஹவுன்ஸ்லோ என்னும் பகுதியில் பிறந்தார். ஆறு மாதக் குழந்தையாக யாழ்ப்பாணத்துக்குக் கொண்டு போகப்பட்டார். தந்தை அருள்பிரகாசம், 'அருளர்' என்ற பெயருடன் ஈரோஸ் இயக்கத்தைத் தோற்றுவித்தவர்களில் ஒருவர். 'லங்கா ராணி' என்ற நாவலை எழுதியவரும் அவரே. 1977-ஆம் வருஷக் கலவரத்துக்குப் பின் கொழும்பிலிருந்து தமிழ் அகதிகளை ஏற்றிச் சென்ற கப்பலின் கதை அது. இயக்கத்தில் இறங்கிய மனிதர் வீட்டில் தங்குவது ஏது? எப்போதாவது மறைவாக வந்து போவார்; பிள்ளைகளுக்கு அவர் தந்தை என்றுகூடச் சொல்லாமல், ஓர் உறவினர் என்றே சொல்லி வைத்திருந்தார்கள். தாய் கலா மூன்று பிள்ளைகளையும் தனியாகச் சுமந்தார். சிறிது காலம் சென்னையில் ஒரு பாழடைந்த வீட்டில் வாழ்க்கை. பிறகு மறுபடியும் யாழ்ப்பாணம். கடைசியில், 1986-ஆம் ஆண்டில், அகதிகளாக லண்டன்.

இங்கிலீஷ் தெரியாத கலா அம்மையாருக்கு அங்கே கிடைத்த வேலை தையல். அரசாங்கத்தார் வழங்கும் கௌரவப் பதக்கங்களுக்குக் கையால் தைத்துக் கொடுப்பார். முப்பது வருஷத்துக்கு மேல் அந்தத் தையல் வேலை நடந்தது. 2019-ஆம் ஆண்டில் அந்த வகைப் பதக்கம் ஒன்றை மகளுக்கே அறிவித்தார்கள். கதாசிரியர் எவரேனும் இப்படி எழுதியிருந்தால், "போதும் ஐயா, நம்பும்படியாக எழுதும்" என்று பத்திரிகாசிரியர் திருப்பி அனுப்பியிருப்பார்.

அகதிப் பெண் லண்டனில் வந்து இறங்கிய அந்த 1986, யந்திர சங்கீதத்தின் சரித்திரத்தில் கவனிக்கத் தக்க வருஷம். நம் ஊரில் இளையராஜா 'புன்னகை மன்னன்' படத்துக்குக் கம்ப்யூட்டர் இசை அமைத்த வருஷம் அதுவே. இங்கிலாந்தில் டெபேஷ் மோட் என்னும் கோஷ்டியார் 'பிளாக் செலிப்ரேஷன்' என்ற இசைத்தட்டை வெளியிட்டதும் அதே வருஷந்தான். பெயரிலேயே கறுப்பு இருக்கிறது.

இந்தக் கோஷ்டியாரைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்ல வேண்டும். எஸெக்ஸ் ஜில்லாவில் பாஸில்டன் என்பது யுத்தத்துக்குப் பின் திட்டம் போட்டுக் கட்டிய ஊர். அங்கே 1980-இல் சில வாலிபர்கள் சேர்ந்து, கம்பி வாத்தியங்களை ஒதுக்கிவிட்டு, மின்சார விசைப் பலகைகளைக் கொண்டே பாடத் தொடங்கினார்கள். 1981-இல் வந்த முதல் இசைத்தட்டு, பொம்மைக் கடைக்குள் நுழைந்தாற்போல் குதூகலமாக இருக்கும். அதில் பெரும்பாலான பாட்டுக்களை இயற்றிய வின்ஸ் கிளார்க் அவ்வருஷமே விலகிப் போனார். மார்ட்டின் கோர் பாட்டெழுதும் பொறுப்பை ஏற்றார். ஓசைத் துணுக்குகளைப் பதிந்து வைத்துக் கொண்டு, விசையைத் தொட்டதும் திருப்பித் தரும் சாம்ப்ளர் என்னும் கருவியும் கைக்கு வந்தது. 1983-இல் கைவிடப்பட்ட கட்டட மனைகளுக்குப் போய், இரும்புத் தகட்டையும் குழாயையும் தட்டித் தட்டி ஓசை சேகரித்தார்கள். பாட்டு வருஷத்துக்கு வருஷம் கனத்தது, கறுத்தது. ஆனால் ஜனங்கள் ஓடிப் போகவில்லை. 1988 ஜூன் 18-ந் தேதி அமெரிக்காவில் பாஸடீனா ரோஸ் பௌல் மைதானத்தில் அறுபதினாயிரம் பேருக்கு மேல் கூடினார்கள். இருண்ட சங்கீதத்துக்கும் ரஸிகர் உண்டு என்பது அன்று நிரூபணமாயிற்று. அவர்களுடைய இருளுக்குக் காரணம் வயது வந்ததும் கருவி வந்ததும் என்று சொல்லலாம். மாதங்கியின் இருள் வேறு இடத்திலிருந்து வந்தது. அதற்கு வருவோம்.

மாதங்கி முதலில் சங்கீதக்காரர் அல்லர், சித்திரக்காரர். லண்டனில் ஸென்ட்ரல் ஸெயின்ட் மார்ட்டின்ஸ் கலாசாலையில் பயின்றவர். இலாஸ்டிகா என்ற கோஷ்டியுடன் படம் பிடிப்பதற்காகப் பயணம் போன இடத்தில், பீச்சஸ் என்ற பாடகி அவருக்கு ஒரு பெட்டியை அறிமுகம் செய்து வைத்தார். ரோலண்ட் கம்பெனியாரின் எம்.சி.505 என்பது அதன் பெயர். தாளக் கட்டு ஒன்றைத் தட்டிக் கொடுத்தால் அதைத் தானே திரும்பத் திரும்ப வாசித்துக் கொண்டிருக்கும், அதன்மேல் இன்னொன்றை ஏற்றலாம், அதன்மேல் மற்றொன்று. வித்வானும் வேண்டாம், பக்க வாத்தியமும் வேண்டாம், சம்பாவனைத் தகராறும் இல்லை. படுக்கையறையில் உட்கார்ந்தே பாட்டுக் கட்டிவிடலாம். அப்படிக் கட்டிய பாட்டுக்களைக் கொண்டு 2005-இல் முதல் இசைத்தட்டு வந்தது. பெயர் 'அருளர்'. காணாமற் போன தந்தை தம் பெயரை இணையத்தில் தேடும்போது மகளைக் கண்டுபிடிக்கட்டும் என்று அப்படி வைத்ததாகப் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். தந்தையும் கண்டுபிடித்தாராம். கண்டுபிடித்து, பெயரை மாற்றச் சொல்லிக் கடிதம் அனுப்பினாராம்! தகப்பன்மார் எந்த நாட்டிலும் தகப்பன்மார்தாம்.

'அருளர்' தட்டில் யுத்தம் இல்லாமல் இல்லை. ஆனால் அது சிறுமிகள் கைதட்டிப் பாடும் பாட்டுப் போலத் துள்ளிக் கொண்டு வரும். கேட்பவர் ஆடிக் கொண்டே குண்டு வெடிப்பைத் தாண்டிப் போவார்.

அடுத்தது 'காலா', 2007. இதைத் தாயின் பெயரால் வெளியிட்டார். நமது அபிப்பிராயத்தில் அவருடைய சிறந்த படைப்பு இதுவே. அது பிறந்த கதையும் சுவையானது. 2006-இல் அமெரிக்கா போக அனுமதி கிடைப்பது சிக்கலாயிற்று. சரி என்று இந்தியா, டிரினிடாட், ஜமெய்க்கா, லைபீரியா, ஆஸ்திரேலியா என்று சுற்றிப் போன இடமெல்லாம் ஒலிப்பதிவு செய்தார். சென்னையில் கோடம்பாக்கத்து ஏ.ஆர். ரஹ்மானின் ஒலிப்பதிவு நிலையத்தில் உறுமிக்காரர்களைக் கொண்டு வாசிக்கச் செய்தார். 'தளபதி' (1991) படத்தில் இளையராஜா அமைத்த பாட்டொன்றின் மேளம் இந்தத் தட்டின் முதல் பாட்டில் வருகிறது. 1982-இல் வந்த ஹிந்திப் படமான 'டிஸ்கோ டான்ஸர்' பாட்டு ஒன்றையும் தம் குரலில் பாடியிருக்கிறார். சிறுமியாக இருந்தபோது விருந்துகளில் அவர் ஆடிய பாட்டாம் அது.

உறுமியைப் பற்றி அம்பத்தூர், ஆவடி வாசகர்களுக்கு விளக்கம் தேவையில்லை. திருவேற்காட்டு அம்மன் சந்நிதித் தெருவில் ஆடி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் நின்றவர்கள் அறிவார்கள். ஒரு முகத்தில் வளைந்த குச்சியைத் தேய்க்கிறார்கள். மறு முகத்தில் அடிக்கிறார்கள். தேய்க்கும் முகத்திலிருந்து எழும் ஓசை, தோலுக்குள் ஏதோ ஒரு பிராணி அகப்பட்டுக் கொண்டு முனகுவது போலிருக்கும். அம்மன் முன்னிலையில் அது அருளை வரவழைக்கும். இழவு வீட்டில் அழுகையை வரவழைக்கும். மாதங்கி இதை லண்டன் ஆட்டக் கூடத்தில் கொண்டு போய் வைத்தார். மேல்நாட்டு விமரிசகர்கள் 'புதுமை, புதுமை' என்றார்கள். நமக்கு அது தெருக்கோடிச் சத்தம்.

அந்தத் தட்டில் ஒரு பாட்டு - 'பேப்பர் பிளேன்ஸ்' - 2008-இல் அமெரிக்கப் பாட்டு வரிசையில் நான்காம் இடம் வரை ஏறியது. குடியேறிகளைப் பற்றிய கேலிப் பாட்டு அது. பல்லவியில் துப்பாக்கிச் சத்தமும் கடைக் கல்லாப் பெட்டி திறக்கும் சத்தமும் வரும். 'ஸ்லம்டாக் மில்லியனர்' படத்திலும் அதைச் சேர்த்தார்கள். அந்தப் படத்துக்காக ரஹ்மானுடன் சேர்ந்து மாதங்கி அமைத்த வேறொரு பாட்டு ஆஸ்கார் பரிசுக்கு முன்மொழியப்பட்டது. 2009 பிப்ரவரி 8-ந் தேதி, நிறைமாதக் கர்ப்பிணியாக, கிராமி விழா மேடையில் அமெரிக்காவின் பெரிய பாடகர் நால்வருடன் நின்று பாடினார். மூன்று தினங்களில் ஆண் குழந்தை பிறந்தது. ஒரு கலைஞருக்கு இதைவிட என்ன வேண்டும்?

அதே பிப்ரவரியில் வன்னியில் நடந்தது என்ன என்பதை வாசகர்களுக்கு நினைவூட்ட வேண்டியதில்லை. பாதுகாப்பு வலயம் என்று அறிவித்த இடத்திலேயே குண்டுகள் விழுந்து கொண்டிருந்தன. சென்னையில் வழக்கறிஞர்களும் மாணவர்களும் வீதிக்கு வந்தார்கள். லண்டனில் ஏப்ரல் முதல் ஜூன் வரையில் பார்லிமெண்டுச் சதுக்கத்தில் தமிழர்கள் இரவும் பகலும் உட்கார்ந்திருந்தார்கள். மே மாதம் 18-ந் தேதி முள்ளிவாய்க்காலில் எல்லாம் முடிந்தது. கடைசி மாதங்களில் நாற்பதினாயிரம் பொதுமக்கள் வரை மாண்டிருக்கலாம் என்பதை மறுப்பதற்கில்லை என்று ஐக்கிய நாடுகள் செயலாளர் நாயகம் நியமித்த நிபுணர் குழு 2011-இல் எழுதியது. மாதங்கி அகப்பட்ட தொலைக்காட்சி மேடையிலெல்லாம் இதைப் பேசிப் பார்த்தார். பாட்டைப் பற்றிக் கேட்டவர்கள் இதைப் பற்றிக் கேட்க விரும்பவில்லை. அவருடைய பாட்டுக்கு உலகமே ஆடியது. அவருடைய வார்த்தைக்கு ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. இந்த நிலையில் இருந்த ஒருவர் மறுபடியும் துள்ளல் பாட்டுப் பாடியிருந்தால் அதுவே ஆச்சரியம்.

'மாயா' இந்தக் காலத்தில் உருவாயிற்று. தந்தை, தாய் இருவருக்குப் பின் இது தம்முடைய பெயர். முதல் பாட்டு ஒரு நிமிஷத்துக்கும் குறைவு. காதில் மாட்டும் கருவி தொலைபேசியோடும், தொலைபேசி இணையத்தோடும், இணையம் சர்க்காரோடும் பிணைந்திருக்கிறது என்று எலும்புகளை எண்ணுவது போல எண்ணிக் காட்டுகிறது. பைத்தியக்காரத்தனம் என்று 2010-இல் சிரித்தார்கள். 2013 ஜூன் மாதத்தில் ஸ்நோடன் என்பவர் அமெரிக்க வேவு இலாகாவின் தஸ்தாவேஜுகளை வெளியிட்ட பிறகு அந்தச் சிரிப்பு அடங்கிற்று. இரண்டாம் பாட்டில் துளையிடும் கருவிகள் கிறீச்சிடுகின்றன. அம்பத்தூர்த் தொழிற்பேட்டையில் லேத் பட்டறைக்கு அடுத்த வீட்டில் குடியிருப்பவர்கள் இதற்காகக் காசு கொடுக்க வேண்டுமா என்று கேட்கக்கூடும். நியாயமான கேள்விதான்! ஆனால் பட்டறையில் அந்தச் சத்தத்துக்கு ஆதி தாளம் கிடையாது. இங்கே உண்டு. அந்தக் கிறீச்சொலி சமத்துக்குச் சரியாக வந்து விழும்போது, மனிதன் யந்திரத்தை ஆளுகிறானா, யந்திரம் மனிதனை ஆளுகிறதா என்ற சந்தேகம் பிறக்கிறது.

இந்த இருளை எப்படி உண்டாக்குகிறார்கள் என்று ஒரு வாசக அன்பர் கேட்டிருந்தார். கூழ் வார்க்கும் திருவிழாவில் தெருமுனையில் கட்டும் கூம்பு ஒலிபெருக்கியை நினைத்துக் கொள்ளுங்கள். தன் சக்திக்கு மேல் அதை அலற விட்டால் ஓசை அலையின் உச்சிகள் நறுக்கப்பட்டு, குரல் பிளந்து, கரகரவென்று ஆகிவிடுகிறது அல்லவா? ஒலிப்பதிவு செய்பவர்கள் சாதாரணமாக அதைத் தவிர்ப்பதற்கே சம்பளம் வாங்குகிறார்கள். 'மாயா'வில் அதை வேண்டுமென்றே செய்திருக்கிறார்கள். 'அருளர்' தட்டில் ஒரு தட்டலுக்கும் அடுத்த தட்டலுக்கும் இடையே வெற்றிடம் இருந்தது. அந்த இடத்தில்தான் கால் ஆடும். இங்கே அந்த இடத்தையெல்லாம் கரகரப்பு அடைத்துக் கொண்டுவிட்டது. கீழ் ஸ்தாயி கனமாக அமுக்குகிறது. குரல் இரைச்சலின் அடியில் புதைந்து கிடக்கிறது. பேசியும் எவரும் கேட்காத ஒருவரின் நிலையை இதைவிடத் தெளிவாகச் சங்கீதத்தில் சொல்ல முடியுமா என்பது சந்தேகமே.

தட்டின் சிகரம் 'பார்ன் ஃப்ரீ' என்ற பாட்டு. சூசைட் என்னும் நியூயார்க் இருவர் 1977-இல் வெளியிட்ட பாட்டொன்றின் துணுக்கைத் திரும்பத் திரும்பச் சுழலவிட்டு, அதன்மேல் கத்துகிறார். பாடுகிறார் என்று சொன்னால் பொய்யாகும். அதற்கு ரொமேன் காவ்ராஸ் எடுத்த ஒன்பது நிமிஷப் படத்தில், செந்தலை முடியுடன் பிறந்த குற்றத்துக்காக இளைஞர்களைப் பட்டாளத்தார் வீடு வீடாகப் பிடித்துப் போய்க் கொல்லுகிறார்கள். யூட்யூபில் அதைக் கட்டுப்படுத்தினார்கள். கற்பனை இரத்தத்தைக் கண்டு பதறியவர்களில் எத்தனை பேர் அதற்கு முந்தின வருஷத்து உண்மை இரத்தத்தைக் கண்டு பதறினார்கள் என்பதே அந்தப் படம் கேட்கும் கேள்வி. குழந்தைகள் பார்க்கத் தக்க படம் அல்ல. வீட்டில் பெரியவர்கள் கவனித்துக் கொள்ள வேண்டும்.

விமரிசகர்கள் இரண்டு கட்சியானார்கள். நியூயார்க் டைம்ஸின் வாரப் பகுதியில் வந்த நீண்ட கட்டுரை ஒன்று, ஏழைகளைப் பற்றிப் பேசும் இவர் உயர்ந்த ஹோட்டலில் உயர்ந்த வகை உருளைக்கிழங்கு வறுவல் சாப்பிட்டார் என்று எடுத்துக் காட்டியது. அந்த வறுவலைத் தருவிக்கும் யோசனை நிருபருடையதே என்று காட்ட, மாதங்கி இரகசியமாகப் பதிவு செய்திருந்த சம்பாஷணையை வெளியிட்டார். பிறகு பத்திரிகையாரும், அந்தக் கட்டுரையில் அவர் வார்த்தைகளைக் கோத்திருந்த விதம் பற்றி ஒரு திருத்தக் குறிப்புப் போட நேர்ந்தது. நாற்பதினாயிரம் உயிரைப் பற்றிய விவாதம் உருளைக்கிழங்கில் வந்து முடிந்ததைப் பார்த்தீர்களா?

அதற்காக எல்லா ஆக்ஷேபங்களையும் தள்ளிவிட முடியாது. பூவிருந்தவல்லியிலிருந்து ஸ்ரீபெரும்புதூருக்கு அதிக தூரம் இல்லை. 1991 மே 21-ந் தேதி இரவு அங்கே நடந்ததை இந்தப் பக்கத்தில் வசிப்பவர்கள் மறந்துவிடவில்லை. அந்த வழக்கை விசாரித்த தனிக் கோர்ட்டும் பூவிருந்தவல்லியிலேயே இருந்தது. 1998 ஜனவரி 28-ந் தேதி இருபத்தாறு பேருக்கு மரண தண்டனை என்று தீர்ப்பளித்தது. அடுத்த வருஷம் சுப்ரீம் கோர்ட்டு அவர்களில் நால்வருக்கே அத்தண்டனையை உறுதி செய்தது. ஈழத்தைப் பற்றிப் பேசும்போது இங்குள்ளவர்கள் குரலைத் தாழ்த்திக் கொள்ளும் வழக்கம் அந்த நாட்களில் வந்தது. மாதங்கியின் சித்திரங்களில் புலி ஓர் அலங்காரமாக வந்து போகிறது. அந்தப் புலிகள் சொந்த ஜனங்களுக்கும், மாற்று இயக்கத்தாருக்கும், நம் நாட்டுக்கும் செய்த கொடுமைகள் அவர் பாட்டில் இடம் பெறவில்லை. இது குறைதான். தந்தையின் இயக்கம் வேறு, புலிகள் வேறு என்பதை மேல்நாட்டு நிருபர்களுக்கு விளங்கும்படி சொல்ல அவரும் அதிகம் சிரமப்பட்டதாகத் தெரியவில்லை. ஆனால் இறந்தவர்களுக்காக அழுகிறவரிடம், "உன் கட்சிக் கணக்கை முதலில் காட்டு" என்று கேட்பது நம் ஊர் வழக்கம் அல்ல.

சங்கீத ரீதியாகவும் 'மாயா' குறையற்றது அல்ல. மது வகைகளின் பெயரை அடுக்கும் ஒரு நீண்ட பாட்டு நம்மைக் களைப்படையச் செய்கிறது. நடுவே வரும் இனிப்பான காதல் பாட்டு, துக்க வீட்டில் ஜவுளிக் கடை விளம்பரம் போல நிற்கிறது. கம்பெனியாருக்காகச் சேர்த்ததோ என்னவோ! தட்டு அமெரிக்கப் பட்டியலில் ஒன்பதாம் இடத்தில் புகுந்தது. 'பேப்பர் பிளேன்ஸ்' போன்ற வெற்றிப் பாட்டு மட்டும் அதில் இல்லை.

அப்புறம் நடந்தவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 2012-இல் அமெரிக்கப் பந்தய மைதானத்தில் விரலைக் காட்டி ஒரு வம்பு. 2013-இல் 'மாதங்கி' என்ற இசைத்தட்டு. பத்து மகா வித்தைகளில் ஒருத்தியும், சங்கீதத்துக்கு அதிதேவதையும், எச்சிற் சோற்றையும் ஏற்பவள் என்று தாந்திரிகர் கூறுபவளுமான தேவியின் பெயர் அது. அவருடைய சொந்தப் பெயரும் அதுவே. அதில் தாளம் மறுபடியும் மூச்சு விடுகிறது. கால் மறுபடியும் ஆடுகிறது. 2016-இல் வந்த 'எய்ம்' அகதிகளைப் பற்றியது. நல்லெண்ணம் அதிகம், சரக்குக் குறைவு. அருளர் 2019 டிசம்பரில் காலமானார்.

இனி, கேட்க விரும்புகிறவர்களுக்கு ஒரு யோசனை. எடுத்த எடுப்பில் 'மாயா'வை வைத்துவிட்டு நம்மைத் திட்ட வேண்டாம். முதலில் 'காலா'வைக் கேளுங்கள். உறுமி உங்களை உள்ளே அழைத்துக் கொள்ளும். ஒரு வாரம் கழித்து 'மாயா'வை எடுங்கள். மதியச் சாப்பாட்டுக்குப் பின் வேண்டாம். வீட்டில் கைக்குழந்தை தூங்கும் வேளையிலும் வேண்டாம். 'பார்ன் ஃப்ரீ' முடிகிற வரையில் பல்லைக் கடித்துக் கொண்டு இருந்துவிட்டால், தட்டின் கடைசிப் பாட்டு வரும். அதில் கரகரப்பு ஓய்ந்து, குரல் எங்கோ ஆகாயத்தில் தனியாக மிதந்து போகும். அதற்குள் யாராவது அடுத்த அறையிலிருந்து, "என்ன சத்தம் அது, மிக்ஸியில் ஏதாவது மாட்டிக் கொண்டதா?" என்று கேட்டுக் கொண்டு வருவார்கள். கதவைச் சாத்திக் கொண்டு கேட்பது நலம்.